ஈரத் தலையும் ஓர் இங்கிலீஷ் நோட்டும்

1968 ஆவணி மாதம் முதல் வெள்ளிக்கிழமை கிணற்றடியில் தலை முழுகிய பாத்திரக்கடை கணேசமூர்த்திக்கு அதற்கப்புறம் தலை காயவே இல்லை. காலையில் துவட்டினார், மத்தியானம் துவட்டினார், மொட்டைமாடி வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். காதோரமாக நீர் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்துக்கொண்டே இருந்தது. டாக்டர் மண்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலை ஈரம், மற்றபடி நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தார். ரங்கநாதன் தெருவில் ஒரு வாரம் இதையே பேசினார்கள். பிறகு தீபாவளி வியாபாரம் வந்தது, எவருக்கும் பேச நேரமில்லை. கணேசமூர்த்தி தோளில் ஒரு துண்டும் கல்லாவுக்கு அடியில் இரண்டு மாற்றுத் துண்டும் வைத்துக்கொள்ளப் பழகினார்.

முழுகியது அவருடைய ஒரே மகள் செண்பகத்துக்காக. செண்பகம் செத்துப்போகவில்லை. சாந்தோமில் ஒரு நடனக் குழுவில் கிதார் வாசித்த இக்னேஷியஸைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஒரு வருடமும் அந்த வீட்டு மாடியில் ஒரே ஒரு இசைத்தட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் நான்கைந்து பேர் சேர்ந்து டிரம்மை உடைக்கிற மாதிரி அடித்து, அடித்தொண்டையில் கத்திய பாட்டு. மூன்று சுரம் படியேறிப்போய், அங்கே கொஞ்சம் நின்று, சடாரென்று விழும். அந்த விழுகிற இடத்தில் செண்பகமும் சேர்ந்து கத்துவாள். "ஏட்டி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கீழேயிருந்து இவர் கேட்பார். அவள் போனதும், கல்யாணச் சீருக்கென்று அவள் பெயரை வெட்டி வைத்திருந்த ஐம்பத்தொரு பாத்திரங்களிலும் பெயரைத் தேய்த்து எடுக்கச் சொன்னார். பிறகு கிணற்றடிக்குப் போய், பெற்ற பெண் செத்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். மனைவி பங்கஜத்தையும் முழுகச் சொன்னார். அவள் நுனிமுடியை மட்டும் நனைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, மயிலாப்பூர் வக்கீல் வேதாந்தத்தின் வீட்டுக் கல்யாணத்தில்தான் முதல் தடவையாக அவர் தலை காய்ந்தது. பாத்திரம் முழுவதும் இவர் கடையில் எடுத்திருந்ததால் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நாகஸ்வரக்காரர் மங்களத்துக்கு முன்னால், வழக்கம்போல ஒரு இங்கிலீஷ் நோட்டு, அதாவது மேல்நாட்டு மெட்டு ஒன்று, எடுத்தார். மூன்று சுரம் படியேறிப்போய் நின்று விழுந்தது. தவில்காரர் அந்த விழுகிற இடத்தில் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். கணேசமூர்த்திக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கத்தலெல்லாம் போய், கோயில் பிரகாரத்தில் நடக்கிறவர்கள் நடையில் அது வந்தது. தெரிந்தபோது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கால் கட்டைவிரல் ஆடியது. தலையில் கை வைத்துப் பார்த்தார், வைக்கோல் போல் காய்ந்திருந்தது. மங்களம் வாசித்து முடிப்பதற்குள் மறுபடியும் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

அன்று முதல் அவருக்கு அந்தப் பாட்டைத் தேடிப் போகிற பைத்தியம் பிடித்தது. மவுண்ட் ரோட்டில் அந்த இசைத்தட்டையே ரகசியமாக வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். லண்டன்காரர்கள் வாயைத் திறந்ததும் தலையிலிருந்து குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது, கிராமபோன் பெட்டி நனைந்து வீணாய்ப் போனது. அசல் உதவாது, வேறு யாராவது வேறு எதிலாவது வாசித்தால்தான் தலை காயும் என்று தெரிந்துகொண்டார். மெட்ராஸ் அவரைக் கைவிடவில்லை. அந்தப் பாட்டு ஊருக்குள் எப்படியோ பரவியிருந்தது. வேதாந்தத்தின் இளைய பெண் நீரஜா அதைச் சாயங்காலங்களில் வீணையில் வாசித்தாள். இவர் எவர்சில்வர் வாளியைத் தாமே சுமந்துபோய்க் கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்று கேட்டார். அசோக் நகரில் விஜயலக்ஷ்மி மாமியின் வெள்ளிக்கிழமை பஜனைக் கோஷ்டி அதற்கு முருகன் நாமாவளி போட்டு ஜால்ராவோடு பாடியது. விழுகிற இடத்தில் பதினெட்டு மாமிகளும் ஒன்றாக "வேலா!" என்று விழுந்தார்கள். கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவரைப் பரம பக்தர் என்று நினைத்துச் சுண்டல் இரண்டு தொன்னை கொடுத்தார்கள். சொல்லப்போனால் அந்த வருடங்களில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

எழுபத்து மூன்றில் பாண்டி பஜார் நடைபாதையில் ஷரீஃப் என்பவர் புல்புல்தாரா என்கிற தந்திப் பெட்டியில் அதை வாசித்துக்கொண்டிருந்தார். கணேசமூர்த்தி மூன்று தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"சாந்தோம் ஆண்ட இக்னேஷியஸ் மாஸ்டர் கீறாரு நைனா. பேண்டு கத்துக் குடுக்கறவரு. அவரு வூட்டு அக்கா இத்த எப்பவும் பாடிக்கினே இருக்கும். யாரு போயி கேட்டாலும் சொல்லிக் குடுக்கும். இன்னா நைனா, நல்லாக் கீதா?"

"நல்லாக் கீது" என்றார் கணேசமூர்த்தி, தம் ஊர்த் தமிழை மறந்து.

அன்றைக்கே போயிருக்கலாம். பஸ்ஸில் ஏறவும் செய்தார். லஸ் முனையில் இறங்கிக்கொண்டார். முழுகினதை முழுகவில்லை என்று ஆக்குவதற்கு என்ன சடங்கு என்று கடைக்கு வந்த சாஸ்திரி ஒருவரிடம் யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டார். சாஸ்திரி யோசித்துவிட்டு, "அப்படி ஒண்ணு கிடையாதே. செத்துப்போனவா திரும்பி வருவான்னு யாரும் நினைச்சுப் பார்க்கலை" என்றார். அதற்கப்புறமும் நாலைந்து தடவை பஸ் ஏறினார், நாலைந்து தடவையும் லஸ்ஸில் இறங்கினார். இந்த மாதிரி மனுஷர்களுக்கு வீம்பு என்பது உடம்பில் ஒரு எலும்பு, அதைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கத் தெரியாது. எழுபத்து நாலு கோடையில் தி. நகர் முழுக்கக் குழாயில் காற்று வந்தபோதும் அவர் தலையில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்.

எழுபத்தைந்து தை மாதம் ஒருநாள் சோறு போடும்போது பங்கஜம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, அவளுக்கு உடம்புக்கு முடியலையாம். மஞ்சக்காமாலையாம்."

"எவளுக்கு?" என்றார் கணேசமூர்த்தி.

பங்கஜம் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். இரவெல்லாம் அவருக்குத் தலையணை நனைந்தது, அது வழக்கம்தான். நாளைக்குப் போகலாம், சனிக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று மூன்று வாரம் ஓடியது.

பிறகு ஒரு புதன்கிழமை, பாக்கு மட்டை நிறத்தில் ஒரு மத்தியானம், மந்தைவெளியில் ஒரு ஓட்டலுக்கு அண்டா அளவு எடுத்துவிட்டு வெளியே வந்தார். தெருக்கோடியிலிருந்து பேண்டு சத்தம் வந்தது. கிளாரினெட் இரண்டு, பெரிய டிரம் ஒன்று. கறுப்பு வண்டியின் முன்னால் சீருடைக்காரர்கள் மிக மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கிளாரினெட் மூன்று சுரம் படியேறிப்போய் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு பெரிய டிரம் ஒரே ஒரு அடி அடிக்க, அது விழவில்லை, இறங்கி வந்தது. கணேசமூர்த்தி அசந்துபோனார். நாகஸ்வரம், வீணை, பஜனை, புல்புல்தாரா எல்லாம் இதன் கால் தூசிக்கு வராது என்று நினைத்தார். தலை காய்ந்து லேசாகக் காற்றில் பறந்தது. இறந்தவர் யாராக இருந்தாலும் நல்ல ரசிகர் என்று எண்ணிக்கொண்டு, துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்து, பேண்டுக்காரர்களோடு சேர்ந்து நடந்தார். தொடையில் தாளம் போட்டார். கல்லறைத் தோட்டத்தின் வாசல் வரைக்கும் ஒரு மனுஷன் எப்படி ரசிக்க முடியுமோ அப்படி ரசித்தார்.

வாசலில் வண்டி நின்றது. பாட்டு நின்றது. பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தார்கள். முதலில் கோட்டுப் போட்ட ஒருவன் ஐந்து வயதுப் பெண்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பக்கத்தில், செருப்பில்லாமல், பங்கஜம் வந்தாள்.

ஏழு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் கபாலி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அவள் எங்கே போனாள் என்பது கணேசமூர்த்திக்கு அந்த நிமிடம் விளங்கியது. பங்கஜம் அவரைப் பார்த்தாள். அவர் கை இன்னும் தொடையில் தாளம் போடுகிற மாதிரியே இருந்தது.

"இப்பந்தான் வாரீகளாக்கும்?" என்றாள்.

அவர் ஒரு பிடி மண் போட்டார். பேண்டுக்காரர்கள் அந்தப் பாட்டை இன்னொரு தடவை வாசித்தார்கள். இந்தத் தடவை தலை காயவில்லை. அதற்கப்புறம் யார் எதில் வாசித்தும் காயவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பங்கஜம் கிணற்றடிக்குப் போனாள். ஏழு வருடத்துக்கு முன்னால் நுனிமுடியை மட்டும் நனைத்தவள் அன்றைக்குக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டாள். பிறகு அவருக்கும் ஒரு குடம் இறைத்து வைத்து, "முழுகிட்டு வாங்க" என்றாள்.

கணேசமூர்த்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அப்பமே முழுகிட்டேம்லா" என்றார்.

பங்கஜம் குடத்துத் தண்ணீரை வாழைக்குக் கவிழ்த்தாள். மறுநாள் கடை திறந்தார்கள். கணேசமூர்த்தி கல்லாவில் உட்கார்ந்ததும், கடைப் பையன்கள் அவர் கேட்காமலேயே ஒரு எவர்சில்வர் பேசினைக் கொண்டுவந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார்கள். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதைத் தெருவில் கொட்டினார்கள்.