ஜெயிலில் கொடுத்த பேர்

மகள் வீட்டோடு ஜெர்மனிக்கு வந்த பிறகும் சங்கரலிங்கம் தியாகி பென்ஷன் கேட்பதை விடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் பான் நகரத்து இந்தியத் தூதரகத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெயில் ரெக்கார்டுல மாடசாமின்னுல்ல இருக்கு, சார்" என்றார் தமிழ் அதிகாரி.

"நாற்பத்திரண்டுல தண்டவாளத்தைப் பெயர்த்துட்டுப் பிடிபட்டப்போ கொடுத்த பொய்ப்பேர் அது. நிஜப்பேர் தெரிஞ்சா போலீஸ் வீட்டுக்குப் போயிருக்கும்."

"கூட இருந்த கைதிங்க சாட்சி சொல்வாங்களா?"

"அவங்களுக்கும் நான் மாடசாமிதான்."

அதிகாரி ஃபைலை மூடப் போனார். நகம் முளைக்காத விரல்களை அதன்மேல் அழுத்தி வைத்தார் சங்கரலிங்கம்.

"நகத்தைப் பிடுங்கினப்பகூட சொல்லாத பேர் தம்பி, சங்கரலிங்கம். இன்னிக்கு நானா சொல்றேன், நம்பமாட்டேங்கறீங்க."