கேட்டதும் சொன்னதும்

மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் ஒத்தாசையாக இருப்பதுதான் அவள் வேலை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் போகிற வீட்டிலெல்லாம் அவள் டீச்சர்தான்.

அன்று பத்து மணிக்குத் துரை வீட்டுக்குப் போனபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. “அக்கா?” என்று துரையின் அம்மாவை இரண்டு முறை கூப்பிட்டாள். தள்ளித் திறந்து உள்ளே போனாள்.

துரை என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். “உக்காந்த இடத்துலயே எல்லாம் நடக்கணும் இந்தத் துரைக்கு” என்பாள். வயது இருபத்திரண்டு. பிறந்ததிலிருந்தே கைகால் சொன்னபடி கேட்காது, பேச்சும் வராது. அவன் சக்கர நாற்காலிப் பலகையில் போன மாதம்தான் டீச்சர் பன்னிரண்டு படங்கள் ஒட்டிக் கொடுத்திருந்தாள், வேண்டியதைத் தொட்டுக் காட்ட.

இப்போது அவன் முகமெல்லாம் வேர்வை. கை ஆடி ஆடி வந்து ஒரு படத்தில் விழுந்தது. பாத்ரூம்.

“போகணுமா தம்பி? அம்மா வரட்டும், ரெண்டு பேருமாத் தூக்கிக்கிறோம்.”

மறுபடி அதே படத்தை அடித்தான். ஒருவேளை ஆகிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை. அம்மாவுக்கு போன் போட்டாள். அது அடுப்படி அலமாரியிலேயே அடித்தது. இவனைத் தனியாக விட்டுத் தெருமுனைக்குக்கூடப் போகாதவளாயிற்றே!

துரை தொண்டை கிழியக் கத்தினான். கை திரும்பவும் பாத்ரூம் படத்தில்.

அவன் கை நீட்டினால் எதையோ கேட்கிறான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எதையோ சொல்கிறான் என்று அவளுக்கும் இத்தனை நேரம் உறைக்கவில்லை.

“அம்மாவா? அம்மா பாத்ரூம்லயா?”

அவன் கண்ணை இறுக மூடித் திறந்தான். ஆமாம் என்பதற்கு அதுதான்.

கொல்லைப்பக்கம் ஓடினாள். பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். எதிர்வீட்டுத் தச்சர் உளியோடு வந்து கீலைப் பெயர்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அம்மா ஈரத்தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது.

“எட்டு மணிக்கு விழுந்துட்டேன் டீச்சர். அவனுக்கு வலிப்பு மாத்திரை இன்னும் குடுக்கல...”

“நான் குடுக்கிறேங்க்கா. நீங்க அசையாதீங்க.”

ஆம்புலன்ஸில் தச்சரும் அவர் மனைவியும் கூடப் போனார்கள். டீச்சர் துரையை நிமிர்த்தி உட்காரவைத்து மாத்திரையைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். வெட்டிவெட்டி இழுத்துவிடுமோ என்று அவன் உதட்டையும் விரல்களையும் பார்த்தபடியே இருந்தாள்.

மூன்று மணிக்குத் தச்சர் போன் செய்தார். “இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணுமாம். உயிருக்கு ஒண்ணுமில்ல.”

துரையிடம் அப்படியே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பிறகு தன்னை வேலைக்கு அனுப்பும் ஆபீசுக்குப் பேசினாள். “சார், இந்த வீட்டுக்கு ராத்திரி பகலா ஆள் வேணும். ரெண்டு மாசமாவது.”

“அவ்வளவு நாளைக்கு யாரும்மா வருவாங்க?”

“இன்னைக்கு நான் இருக்கேன். நாளைக்குள்ள நீங்க யாரையாவது பாருங்க சார்” என்று வைத்துவிட்டு, அவனுக்குச் சோறு பிசைய எழுந்தாள்.