கீழ்ப்படிந்தவள்

ஸ்பூன் சுவரில் போய் மோதியது. அடுத்த அடி அம்மாவின் கன்னத்தில் விழுந்தது.

பக்கவாதம் அப்பாவின் வலப்பக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது இடது கை மட்டும். முப்பது வருடம் மரமில்லில் மரத்தடிகளைப் புரட்டி ரம்பத்துக்குக் கொடுத்த கை; படுக்கையில் கிடந்தும் அதன் கனம் குறையவில்லை. அம்மா முகத்தில் தெறித்த பாலைத் தோள் துண்டால் துடைத்தாள். ஊறிய ரொட்டியை வேறொரு ஸ்பூனில் எடுத்து மறுபடியும் அவர் வாயருகே கொண்டுபோனாள்.

மகள் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். வெளியூரில் நர்ஸ். காலையில்தான் வந்திருந்தாள். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிற விதத்தைக் கேட்டதுமே இன்றைய பொழுதைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கை மறுபடி உயர்ந்தபோது மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. முறுக்கினாள். தோலுக்கடியில் எலும்பு நகர்வது விரல்களுக்குத் தெரிந்தது. அப்பாவின் கண்கள் அவளையே பார்த்தன. இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

"விடு," என்றாள் அம்மா.

"உன்னை அடிச்சாரு."

"என் கன்னம்தானே, எனக்குத் தெரியாதா. விடு, உடைஞ்சிடும்."

விட்டாள். அப்பாவின் மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவந்து கிடந்தது. அதைப் பார்த்தவள் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டாள். சமையலறைக்குப் போய்த் தட்டைத் தொட்டியில் வீசினாள். அது இரண்டாக உடைந்தது.

அப்பா சபையில் மூப்பர். கீழ்ப்படிகிற வீட்டுக்குத்தான் தேவதயவு என்பது அவர் சட்டம். சட்டத்தை நிறைவேற்ற, மில்லில் தேய்ந்து கழற்றிப்போட்ட மெஷின் பெல்ட்டின் துண்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஜெபத்தில் கண் திறந்தால் இரண்டு அடி. பதில் பேசினால் நாலு. அம்மாவுக்கு மட்டும் எண்ணிக்கை கிடையாது. மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது, மனைவியை இழந்த வேறொரு மூப்பருக்கு அவளைக் கொடுக்கும்படி ஆண்டவர் வெளிப்படுத்தியதாக அறிவித்தார். மறுவாரம் அப்பா மில்லுக்குப் போயிருந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து அவளை ரயிலேற்றிவிட்டார். நர்சிங் படிப்பில் இடமும் அவரே வாங்கி வைத்திருந்தார். அவள் வீட்டைவிட்டு இறங்கியபோது அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினேழு வருடமாக மகள் ஆறவிடாமல் வைத்திருந்த புண் அது.

அம்மா உள்ளே வந்து உடைந்த தட்டைப் பொறுக்கினாள்.

"சாகப்போற மனுஷன்கிட்டகூட அடி வாங்கணும்னு வேதத்துல எங்கேயாவது போட்டிருக்காம்மா?" என்றாள் மகள். "நான் போன அன்னைக்கும் இப்படித்தான் நின்ன. என் முகத்தைக்கூடப் பாக்கல."

"பாத்திருந்தா உன்னைப் போகவிட்டிருக்க மாட்டேன்." அம்மா துண்டுகளைச் செய்தித்தாளில் வைத்து மடித்தாள். அவளுடைய இடது முழங்கை சற்று வெளிப்பக்கம் கோணியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக, மகள் போன புதிதில் கடிதம் எழுதியிருந்தாள். "டீச்சர்கிட்ட யாரு போய்ச் சொன்னாங்கன்னு நெனச்சே?"

மகள் அந்தக் கோணல் முழங்கையைப் பார்த்தாள்.

"எங்கே போனான்னு மூணு நாள் கேட்டாரு. இந்தக் கை ரெண்டாவது நாள் போச்சு. குளியலறையுமில்ல ஒண்ணுமில்ல." பொட்டலத்தைக் குப்பைக்கூடையில் போட்டாள். "அதுவரைக்கும் உங்கப்பா சொல்றதும் ஆண்டவர் சொல்றதும் ஒரே குரல்னு இருந்தேன். ரெண்டையும் பிரிச்சுக் கேக்குற புத்தி வர எனக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. வாயைத் திறக்காதேன்னாரு ஆண்டவர். திறக்கல. நான் கீழ்ப்படிஞ்சது அவருக்கு."

"அப்புறமும் ஏன் இங்கேயே கிடந்த?"

"பயம். பொய் சொல்ல மாட்டேன். விசுவாசமும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கும்."

"இப்போ?"

"இப்போ அவருக்குப் பசிக்கும். அவ்வளவுதான்."

அவர் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு மூச்சு அறுபட ஆரம்பித்தது. இடது கை கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கியது. கட்டில் சுவரில் இடித்து இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அம்மா வேதத்தைத் திறந்து சங்கீதம் வாசித்தாள். வாசிப்பு இடிச் சத்தத்தில் கேட்கவில்லை, இருந்தும் நிறுத்தவில்லை. ஐந்து பத்துக்குக் கட்டில் நின்றது.

இருவருமாக உடம்பைக் கழுவினார்கள். கம்பியை விடாத கையை அம்மா விரல் விரலாகப் பிரித்தாள். மணிக்கட்டில் அந்த நாலு தடமும் நீலமாகியிருந்தன. மகள் அவருக்கு மாட்டிய சட்டையின் கையை இழுத்து அவற்றை மூடப் பார்த்தாள். அம்மா அவள் கையை விலக்கிவிட்டு, தானே பொத்தானைப் போட்டாள்.

மறுநாள் காலை சவப்பெட்டி கூடத்தில் இரண்டு பெஞ்சுகளின் மேல் இருந்தது. சபை முழுக்க வந்திருந்தது. போதகர் வேதத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு, இறந்தவர் தன் வீட்டைக் கீழ்ப்படிதலில் நடத்தியவர், தேவதயவைப் பெற்றவர் என்றார். பெட்டியின் தலைமாட்டில் அண்ணன் நின்றான். அப்பாவுக்குப் பிறகு அதே மில்லில் அதே ரம்பத்தில் நிற்பவன். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறான். அண்ணியும் அவர்களுடைய ஏழு வயதுப் பெண் குழந்தையும் சுவரோரமாக ஒட்டி நின்றிருந்தார்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தமிட்டார்கள். குழந்தையின் முறை வந்தது. அவள் அண்ணியின் பின்னால் ஒளிந்தாள்.

"முத்தம் குடு," என்றான் அண்ணன்.

"மாட்டேன்."

"ஊரே பாக்குது. வா இங்கே."

"தாத்தா என்னை அடிச்சாங்க. மாட்டேன்."

அவன் புறங்கையால் அறைந்தான். குழந்தை தரையில் விழுந்து எழுந்தபோது உதடு கிழிந்து இரத்தம் சட்டையில் சொட்டியது. அண்ணி குறுக்கே வந்தாள். அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் முதுகு பெட்டியில் மோத, பெட்டி பெஞ்சிலிருந்து ஒரு சாண் நகர்ந்தது, அப்பாவின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. அண்ணன் இடுப்பு பெல்ட்டை உருவினான். சபையில் யாரும் அசையவில்லை. சிலர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்வதற்குள் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து குறுக்கே வந்துவிட்டாள். முதல் வீச்சு அவள் கழுத்தோரம் விழுந்தது. அவள் பெல்ட்டின் நுனியைப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அண்ணன் இழுத்தான். அவள் அதனோடேயே வந்து அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"நகரும்மா. கீழ்ப்படியாத பிள்ளையைக் கண்டிக்கணும். அப்பா என்னை அப்படித்தான் வளத்தாரு."

"இழு," என்றாள் அம்மா. "ஒரு கையை அவர் உடைச்சப்போ நீ பாத்துக்கிட்டு நின்ன. இன்னொரு கை இருக்கு. இழு."

அவன் பிடி தளர்ந்தது. பெல்ட் அம்மாவின் கைக்குப் போயிற்று.

அம்மா போதகரிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "தேவதயவு பெத்தவர்னீங்களே ஐயா. முதல்ல இந்தப் பிள்ளை உதட்டைத் தொடைச்சு விடுங்க. அப்புறம் அதையே இன்னொரு தரம் சொல்லுங்க."

போதகர் வேதத்தை மூடினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மகள் அதை வாங்கிக் குழந்தையின் உதட்டில் அழுத்திப் பிடித்தாள். இரண்டு தையல் போடவேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"உனக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"பதினொண்ணு. ஆனா நான் நாளைக்குப் போகலாம்னு..."

"இன்னைக்கே போ. இவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போ."

"அடக்கம்?"

"அதுக்கு நான் இருக்கேன். நீ உயிரோட இருக்கறவங்களைப் பாரு."

அண்ணி அசையவில்லை. பெட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அத்தை, ஜெபம் பண்ணாம நான் எப்படி..."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. முழங்கால் போட்டேன், வருஷம் போயிடுச்சு. நீ நடந்துக்கிட்டே ஜெபம் பண்ணு."

கூட்டம் வழிவிட்டது. ஒரு கிழவி அண்ணியின் கையில் தன் தண்ணீர்ப் புட்டியைத் திணித்தாள். அண்ணன் பின்னாலேயே வந்தான். "எங்கேடி போறே, நில்லு," என்றான். வீட்டுக்கு ஒரே வாசல். மூவரும் படியிறங்கியதும் அம்மா தன் நாற்காலியை இழுத்து வந்து நிலைப்படிக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. மகள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுக்கு அவள் எடை குறைவு. அண்ணி ஒரு கையால் முதுகைப் பிடித்தபடி, உதடு அசைய, பக்கத்தில் நடந்து வந்தாள். உள்ளே மறுபடியும் பாட்டு ஆரம்பித்து, பாதியில் நின்றது.

தெருமுனையிலிருந்து வாசல் தெரிந்தது. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாலு பேர் உள்ளே நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அம்மா, மடியில் கைகளை வைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அவர்கள் ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.