இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, சனத்நகர் காலனியில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அமெரிக்கக் காரின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, "இப்ப டி-யில போடுக்கா" என்றேன். அக்கா மங்கையர்க்கரசி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த கியர் கம்பியை இழுத்துப் போட்டாள். என்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. பிறகு திடீரென்று, பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளிய மாதிரி, ஒரு முழம் முன்னே குதித்தது. அவ்வளவுதான். அதன் பிறகு வெறும் உறுமல். எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கியர் பெட்டியை மாற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. பாலாநகரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். நான் முடுக்கிய திருகுகளுடன் விமானங்கள் பறந்துகொண்டிருப்பதாக மேலதிகாரிகள் சொல்கிறார்கள். நான் முடுக்கிய கார் வாசற்படியைத் தாண்டவில்லை. அன்று முதல் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கார் எங்களுக்கு வந்த கதை எளிது. பெட்ரோல் விலை ஏறிய பிறகு அந்தத் தண்டியான வண்டிக்குத் தின்னக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், பஞ்சாரா ஹில்ஸ் நவாப் வீட்டுக்காரர்கள் கிட்டத்தட்ட இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது யானை. எங்களுக்கு அதில் ஒரே ஒரு விசேஷம்: கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அக்காவின் இடது கால் போய்விட்டது. இரும்புச் சட்டம் கட்டித்தான் நடப்பாள். இந்த வண்டியில் இடது காலுக்கு வேலையே இல்லை. மூன்று வாரம் மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள், அதைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது வாரம் கியர் பெட்டி செத்தது. அதே ஜாதிக் கார் ஒன்று பழைய சாமான் கிடங்கில் கிடந்தது. அதன் பெட்டியைக் கழற்றி வந்து, என்னோடு வேலை செய்யும் குணசேகரனை ஒரு முனையில் பிடிக்கச் சொல்லி, நானே மாட்டினேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒரு தினுசானவர். "காலைப் பார்த்து எழுத மாட்டேன்மா, ஓட்டுறதைப் பார்த்து எழுதுறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வாங்க" என்று சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு வாரங்கல் மாற்றல். அடுத்து வருகிறவர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார் என்று ஆபீஸ் பியூன் வரைக்கும் சொன்னார்கள். அக்காவுக்கு, ஊரின் மறுகோடியில் இருக்கிற உப்பல் ஆபீசில் பதவி உயர்வு காத்திருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். ஏற்கெனவே இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த முறையும் மறுத்தால் இனிமேல் கேட்க மாட்டார்கள்.

குணசேகரன் வந்து, டீயைக் குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றினான்.

"கம்பிய சரி பண்ணியா?"

"ஹவ், பண்ணிட்டேன்."

"வாக்குவம் குழாய்?"

"அதும் பாத்தாச்சு. ஓட்டை இல்ல."

"எண்ணெய்?"

"நெறையவே இருக்குடா. அளவுக்குச்சில கோட்டுக்கு மேல நிக்குது. மூணு தடவ உறிஞ்சி வெளிய எடுத்துட்டேன்."

ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்த மூன்று பாட்டில் சிவப்பு எண்ணெயைப் பார்த்தான். பெட்டிக்குள் ஓடுகிற எண்ணெய் அது. ரத்தம் மாதிரி இருக்கும். "இது டாக்டர் கேஸ் இல்ல லச்சு, சாமியார் கேஸ். பெட்டியே தண்டம். கழட்டிப் போடு. அக்கா, நீங்க மனச விட நக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மனசை விடாதே என்று ஒருவன் சொன்ன பிறகுதான் அது விடுகிறது.

நான் மறுபடி அடியில் போனேன். மறுபடி வெளியே வந்தேன். ஒரு திருகைக் கழற்றி அதே இடத்தில் மாட்டினேன். கைக்கு ஏதாவது வேலை இல்லாவிட்டால் தலை ஓட ஆரம்பித்துவிடும். அது ஓடுகிற பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷமாக அக்காவை ஆபீசில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பாலாநகருக்குப் பறந்து, கேட் மூடுவதற்கு அரை நிமிஷம் முன்னால் உள்ளே நுழைவது என் வழக்கம். ஸ்கூட்டரில் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, என் மொக்கை ஜோக்குக்கெல்லாம் காதோரம் சிரிப்பாள். உலகத்தில் வேறு யாரும் அவற்றுக்குச் சிரித்ததில்லை. என் மனைவி சாந்தா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்தக் கார் ஓடிவிட்டால், பிறகு நான் யார்? கேட் மூடுவதற்கு இருபது நிமிஷம் முன்னால் வந்து நிற்கிற ஒரு ஃபிட்டர்.

"நியூட்ரல்ல போட்டு என்ஜின நிறுத்துக்கா. எண்ணெய் பாக்கணும்."

அக்கா நிறுத்தவில்லை.

"ஏன்டா ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொல்றே?"

"ஓடுற மெஷின்ல கை வைக்கக் கூடாதுக்கா. பாதுகாப்பு வாரத்துல நான் எழுதின வாசகத்துக்குத்தானே டிபன் கேரியர் குடுத்தாங்க."

"நாடி பாக்குறதுக்கு டாக்டர் இதயத்த நிறுத்தச் சொல்லுவாரா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"லச்சு. இது ஓட வேண்டாம்னு இருக்கா உனக்கு?"

பதில் சொல்ல ஒரு ஜோக் தயாராக இருந்தது. எனக்கு எப்போதும் இருக்கும். அதை எடுத்தேன், திருப்பிப் பார்த்தேன், சொல்லாமல் வைத்துவிட்டேன்.

"தெரியலக்கா" என்றேன்.

"சரி. தெரிஞ்சப்புறம் சொல்லு. இப்ப ஓடுறப்பவே பாரு."

சட்டைக் கையை முழங்கை வரை மடித்தேன். சுற்றுகிற விசிறிக்கு ஒரு சாண் தள்ளி, என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஓடுகிற என்ஜினுக்குள் கையை விட்டு அளவுக்குச்சியை உருவினேன். துடைத்தேன். திரும்ப விட்டேன். எடுத்தேன். குச்சி காய்ந்திருந்தது. நுனியில்கூடச் சிவப்பு இல்லை.

அப்போதுதான் புரிந்தது. கிளட்சுக்குப் பதிலாக அந்தக் காரில் எண்ணெயைச் சுழற்றுகிற ஒரு சட்டி இருக்கிறது. என்ஜின் ஓடினால் எண்ணெய் மேலேறிச் சட்டியையும் குழாய்களையும் நிரப்பும். நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிந்துவிடும். நான் நிறுத்திவிட்டுப் பார்த்து, அதிகம் அதிகம் என்று உறிஞ்சி எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது மேலும் சோர்ந்திருக்கிறது. நானும் விடாமல் ரத்தம் எடுத்திருக்கிறேன். விதிப்படி, மிகுந்த ஜாக்கிரதையோடு.

மூன்று பாட்டிலையும் புனல் வைத்துத் திருப்பி ஊற்றினேன். போதவில்லை, கடையைத் திறக்கச் சொல்லி இன்னொரு டப்பா வாங்கி வந்தேன். அக்கா டி-யில் போட்டாள். வண்டி எந்தச் சத்தமும் இல்லாமல், ஏதோ மறந்துபோனதை எடுக்கக் கிளம்பியது போல, தெருவில் நடந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். நான் எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாந்தா வெளியே ஓடிவந்து, எங்கே அடிபட்டது என்று கத்தினாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு லைசென்ஸ் மைதானத்தில் நின்றோம். வழி முழுக்க அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை அமுக்கி அமுக்கிக் காலை வலிக்கவைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். ஜன்னல் வழியாக அக்காவின் கால்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மீரு திகண்டி" என்றார். இறங்கினேன். என் இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

கார் மைதானத்தை ஒரு சுற்று சுற்றியது. எட்டு வடிவக் கோட்டில் போனது. ஓரத்தில் அடையாளத்துக்கு நிறுத்தியிருந்த ஒரு கல்கூட விழவில்லை. பின்னால் வந்தது, நின்றது. முடிந்தது என்று நினைத்து முன்னே நடந்தேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே இன்ஸ்பெக்டரின் கை நீண்டு பெரிய ரோட்டைக் காட்டியது.

"அக்கா, அங்க பஸ்ஸு…" என்று நாலு அடி ஓடினேன். யாருக்கும் கேட்டிருக்காது.

மைதானத்தின் கேட்டருகில் காரின் பிரேக் விளக்கு எரிந்தது. வலப்பக்கம் ஒரு டபுள் டெக்கர் வந்துகொண்டிருந்தது, இடப்பக்கம் சைக்கிள் ரிக்‌ஷாக்கள். விளக்கு எரிந்தபடியே இருந்தது. பஸ்காரன் ஹாரன் அடித்தான். பதிலுக்கு ஒரு ஹாரன், நீளமாக, கனமாக, கப்பல் கிளம்புவது போல. விளக்கு அணைந்தது. அந்த நீண்ட வெள்ளை வண்டி பாதி ரோட்டை எடுத்துக்கொண்டு மெல்லத் திரும்ப, பின்னால் பஸ் பொறுமையாக நின்றது. பஸ்ஸின் மாடியிலிருந்து ஆட்கள் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.