முன் அறைக்கு ஒரு மெசின்

“எது வேணுமெண்டு நீர் சொன்னால்தானே நான் அந்தாளுக்குச் சொல்லலாம்?”

“எனக்கு ரெண்டும் பிடிச்சிருக்கு, அத்தான்.”

“பிடிக்கிறதுக்கு இதென்ன மாப்பிள்ளையே? என்ன தைக்கப் போறீர் எண்டு வெள்ளைக்காரன் கேக்கிறான்.”

அருமைநாயகி இரண்டு மெசின்களையும் மாறி மாறிப் பார்த்தாள். லண்டனில், இல்போர்டில் பழைய தையல் மெசின் விற்கும் கடை அது. ஒரு பக்கம் பக்டரி மெசின். அகன்ற மேசையோடு சேர்த்து முடுக்கியிருந்தது. அடியில் படுத்திருக்கும் நாய் மாதிரி மோட்டார். மறுபக்கம் வெளிர்பச்சையில் ஒரு வீட்டு மெசின், கைபிடி வைத்த மூடியோடு.

அத்தான் சபாரத்தினம், அவளுடைய கணவன் இராஜேந்திரனின் தமையன். யாழ்ப்பாணத்திலிருந்து இவர்களைக் கூப்பிட்டு, செவன் கிங்ஸில் தன் வீட்டு மேல் அறையைக் கொடுத்தவர். நாளைக்கு விஜயதசமி. முதல் தையல் நாளைக் காலையில் போட வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்திருந்தார். வெட்டிய காற்சட்டைத் துணிகளை வீட்டுக்கே கொண்டுவந்து தைக்கக் கொடுக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் சொல்லியாயிற்று. அவருடைய மனைவி, மச்சாள் பாலாம்பிகை, முன் அறையில் சோபாவைத் தள்ளி, சாமிப் படத்துக்குக் கீழே இடம் ஒதுக்கிக் குங்குமமும் எடுத்து வைத்துவிட்டாள். எல்லாம் ஆயத்தம். மெசின்தான் இன்னும் இல்லை.

கடைக்காரக் கிழவர் ஒரு துண்டுத் துணியை நீட்டினார். அருமைநாயகி பெரிய மெசினில் உட்கார்ந்து பெடலை மெல்லத்தான் தொட்டாள். மெசின் உறுமிக்கொண்டு பாய்ந்தது. துணி மறுகரைக்குப் போயே விட்டது.

“ஐயோ!”

“பழகினால் சரி. ரெண்டு கிழமையில உம்மைப் பிடிக்க ஏலாது,” என்று சிரித்தார் சபாரத்தினம்.

சின்ன மெசின் சொன்ன சொல் கேட்டது. ஒரு குமிழைத் திருப்பியதும் கோணல் கோணலாக அழகாய்த் தைத்தது. ஆனால் தடித்த ஜீன்ஸ் துணியை மடித்து வைத்ததும் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

“பாத்தீரே? இதில பிளவுஸ்தான் தைக்கலாம். எங்கட சனம் பிளவுஸைத் தைச்சு வாங்கிப்போட்டு, தேத்தண்ணியையும் குடிச்சிட்டுப் போகும். காசு தருமே?”

அதுவும் உண்மைதான். பெரியதைப் பார்த்தால் முன் அறை தெரிந்தது: பூப்போட்ட சுவர்த்தாள், குவிந்த காற்சட்டைகள், அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கும் மச்சாள், ஒவ்வொரு விஜயதசமிக்கும் மெசினில் அதே இடத்தில் ஒரு பொட்டு. சின்னதைப் பார்த்தால் வேறொரு அறை தெரிந்தது. அந்த அறையை அவள் எங்கும் கண்டதில்லை. லண்டனிலேயே எட்மண்டனோ, தோர்ண்டன் ஹீத்தோ, அதுகூடத் தெரியவில்லை. ஒரு யன்னலும் உட்கார ஒரு கதிரையும் மட்டும் இருந்தன. அங்கே என்ன தைத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் புலப்படவில்லை.

“நான் வெளியில விட்ட வானை ஒருக்காப் பாத்திட்டு வாறன். நிப்பாட்டக் கூடாத மஞ்சள் கோட்டில நிக்குது,” என்று சபாரத்தினம் வெளியே போனார்.

இராஜேந்திரன் நூல்கட்டைகள் அடுக்கிய தட்டில் சாய்ந்து நின்றான். பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்தவன், கண் சிவந்திருந்தது.

“உங்களுக்கு எது விருப்பம்?” என்று கேட்டாள் அருமைநாயகி.

“எனக்கு மெசினைப் பற்றி என்ன தெரியும்? அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்.”

“இந்தப் பெரிசை முன் அறைக்குள்ள வைச்சால் பிறகு லேசில வெளியில எடுக்க ஏலாது. கழட்டித்தான் எடுக்க வேணும்.”

“ஏன் எடுக்க வேணும்?”

அவன் விளங்காமல்தான் கேட்டான். சோறு போட்ட வீடு. மச்சாள் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அங்கிருந்து போகவேண்டும் என்று தான் எப்போது நினைக்கத் தொடங்கினோம் என்று யோசித்துப் பார்த்தாள்; பிடிபடவில்லை. ஆனால் இந்த மேசை அந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டால், பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்கப் போவதில்லை என்பது மட்டும் நிச்சயமாய்த் தெரிந்தது.

“உங்களுக்கு அங்கயே இருக்க விருப்பமோ?”

“எங்க?”

“அத்தான் வீட்டில.”

“இப்ப நாங்கள் மெசின் எல்லோ வாங்க வந்தனாங்கள்?”

“ஓம். அதுதான் கேக்கிறன்.”

இராஜேந்திரன் அவளைப் பார்த்தான். பிறகு மேசையின் நீளத்தைப் பார்த்தான். கண்ணிலிருந்த நித்திரை கலைந்தது போலிருந்தது. கிழவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் சின்ன மெசினின் தூசியைத் தட்டினார்.

கதவு திறந்தது. “என்ன, முடிவெடுத்தாச்சோ? கெதியெண்டு சொல்லுங்கோ, வானுக்குத் தண்டம் எழுதப் போறான்!” சபாரத்தினம் கைகளைத் தேய்த்துக்கொண்டு பெரிய மெசினின் ஒரு முனையைப் பிடித்தார். “தம்பி, மற்றப் பக்கத்தைப் பிடி.”

இராஜேந்திரன் ஓரடி எடுத்து வைத்தான். அருமைநாயகி அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, நாங்கள் வேற இடம் பாக்கப் போறம் எண்டு அத்தானிட்டச் சொல்லுங்கோ. இதைத் தூக்க முதல் சொல்லுங்கோ.”