கல் இல்லாத துப்பாக்கி

"எந்தப் பெரிய வூட்டுக்கு வாங்கறீங்க?" என்று கடைக்காரச் சாயபு கேட்டதும் பொன்னிக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. விடியலில் வடலூரில் ரயிலேறி, திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் விசாரித்து விசாரித்து இந்தத் துப்பாக்கிக் கடையைக் கண்டுபிடித்து வந்து நின்றால், இந்தக் கேள்வியா? மஞ்சக்குப்பம் கலெக்டர் கச்சேரிக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசென்சு புருஷன் சிங்காரத்தின் மடியில் இருந்தது. அவனோ யாரோ கொடுத்தனுப்பிய ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க வூட்டுக்குத்தான். எங்க கொல்லையில பூந்தா பன்னி பன்னி இல்லியா?"

சாயபு சிரித்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. இந்த மாதிரிக் கோவணாண்டிகள் தங்களுக்கென்று துப்பாக்கி வாங்கி அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். உள்ளே போய் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வந்து பலகைமேல் வைத்தார். ஒன்று கேப்பு என்கிற சின்ன வெடிமூடி வைத்துச் சுடுவது. குழாய் பளபளவென்றிருந்தது. இன்னொன்று கறுத்துப்போன கட்டையும் கனத்த குழாயுமாய், இவர்கள் பாட்டன் காலத்தது. சிங்காரம் பளபளப்பைப் பார்த்ததும் சொக்கிவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படிப் பார்க்கவில்லை, படுபாவி.

"இந்தக் கேப்பு தீந்துட்டா?" என்றாள் பொன்னி.

"இப்ப ஸ்டாக்கு ரொம்பக் கம்மிம்மா. சீமையில சண்டை முடியட்டும், கப்பல்ல வரும்."

"கப்பல் வர்ற வரைக்கும் பன்னி காத்துக்கினு கெடக்குமா?"

சாயபு பழைய துப்பாக்கியை எடுத்தார். அதன் குதிரை என்கிற சுத்தியலின் வாயில், தோல் துண்டுக்கு நடுவே, சக்கிமுக்கிக் கல் ஒன்று செருகியிருந்தது. விசையை இழுத்தார். குதிரை பாய்ந்து இரும்பில் மோத, வெடிமருந்து வைக்கும் கிண்ணியில் பொறி கொட்டியது. சிங்காரம் பின்வாங்கினான். பொன்னி முன்னால் வந்தாள். அவர் கத்திமுனையால் திருகாணியைத் தளர்த்திக் கல்லைக் கழற்றி, மறுபடி பூட்டிக் காட்டினார். "இதுக்குக் கேப்பு வேணாம். தேஞ்சா திருப்பிப் போட்டுக்க. ஆனா இந்தக் கல்லு நம்ம பக்கத்துல கெடைக்காது, எங்கிட்டயும் இத விட்டா இன்னொண்ணுதான். தொலச்சுடாதே."

"ரெண்டு கல்லையும் குடுங்க. இந்தத் துப்பாக்கிதான் எங்களுக்கு."

ஆசைக்கு வாங்கவில்லை. மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை காய் பிடித்து முற்றுகிற நேரம். போன வருஷம் இதே நேரத்தில் காட்டுப்பன்றிகள் முக்கால் கொல்லை நிலத்தைக் கிளறிப் போட்டுவிட்டன. அவை எங்கிருந்து வருகின்றன என்பது ஊருக்கே தெரியும். மிராசுதார் ஞானசம்பந்தம் பிள்ளையின் சவுக்குத் தோப்பிலிருந்து. தோப்பில் ஒருத்தரையும் விரட்டவிட மாட்டார். உயிர்க்கொலை பாவமாம்! ஆனால் தன் கரும்பைச் சுற்றி மட்டும் முள்கம்பி போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் வழியில்லாத பன்றிகள் இந்தப் பக்கம் வராமல் எங்கே போகும்? அவருடைய ஜீவகாருண்யத்துக்குத் தீனி பொன்னி வீட்டுக் கொட்டை. பன்றி உயிர் என்றால், இந்த வருஷமும் வெள்ளாமை போனால் கஞ்சிக்கு அலையப்போகிற இவர்கள் என்ன, மரமா மட்டையா?

ரயிலை விட்டு இறங்கி வீடு வந்ததும் சிங்காரம் சொன்னான்: "பெரிய வூட்டுல காட்டிட்டு வந்துடறேன்."

அவள் எதிர்பார்த்ததுதான். அந்த ஊர் வழக்கம் அப்படி. புதுவண்டி, புதுக்கலப்பை, ஈன்ற கன்று, எதுவானாலும் முதலில் மிராசுதார் பிள்ளையின் பெரிய வீட்டு வாசலுக்குப் போய்த்தான் வரவேண்டும். பொன்னியையே மணக்கோலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெயிலில் நின்றதில் காலில் கொப்புளம் வந்தது. பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எட்டிப் பார்த்தார். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கென்று இரவல் போன இவர்கள் வீட்டு அண்டா இன்னும் திரும்பவில்லை. கேட்டால், "ஓடியா போயிடும்?" என்பார்கள். ஓடவில்லை, அங்கேதான் இருக்கிறது.

"வேணாம் மாமா. அங்க போனது எது திரும்பி வந்துச்சு?"

"வழக்கத்த வுட முடியுமா? ஊர்ல குடியிருக்க வேணாமா?" என்றவன், புதுச்சாமானைக் குளிக்காமல் எடுத்துப் போகக்கூடாதென்று கிணற்றடிக்குப் போனான்.

பொன்னி சாயபு செய்தது மாதிரியே கத்திமுனையைத் திருகாணியில் கொடுத்தாள். அது சுலபமாய் வந்தது. கல்லை எடுத்து, மாற்றுக் கல்லோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு திருகாணியை இறுக்கிவைத்தாள். போகிறதானால் பாதி போகட்டும்.

துப்பாக்கியும் வெற்றிலைத் தட்டுமாய்ப் போன சிங்காரம் வெறுங்கையோடு திரும்பினான். "இங்கியே பத்திரமா இருக்கட்டும், உங்க குடிசையில எதுக்குன்னாரு. பாவத்தக் கட்டிக்காதேன்னாரு."

"நீ என்னா சொன்னே?"

"என்னா சொல்ல முடியும்?"

மறுநாள் காலையில் பார்த்தால் கொல்லையின் வடபுறம் ஏர் ஓட்டினாற்போல் கிடந்தது. பிஞ்சும் முற்றலுமாய்ச் செடிகள் வேரோடு மல்லாந்து கிடந்தன. பொன்னி சவுக்குத் தோப்பைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். தெருக்காரர்கள் கேட்டும் கேட்காதவர்களாய்ப் போனார்கள்.

இரண்டொரு நாளில் பெரிய வீட்டுக் காரியக்காரன் காத்தவராயன் கொல்லைக்கே வந்துவிட்டான். சிதம்பரத்துச் சம்பந்தி வந்திருக்கிறாராம். பிள்ளை பழங்காலத்துச் சாமான் என்று சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை இறக்கி, வாசல் வேப்பமரத்தில் இருந்த கொக்கைக் குறிபார்த்துச் சொடுக்கினாராம். டக் என்றதோடு சரியாம். கல்லே இல்லையே என்று சம்பந்தி சிரித்துவிட்டாராம்.

"கொக்கு உயிரு இல்லியா?" என்றாள் பொன்னி.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? கல்லு எங்கன்னு கேக்கறாரு. ஐயாவுக்குக் கோவம் ஜாஸ்தியா இருக்கு. சீக்கிரம் குடு."

சிங்காரம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். கல்லை எடுத்தது யாரென்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. இனி காலில் விழுவான், கல்லைப் பிடுங்கிக் கொடுப்பான் என்று பொன்னி முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்து, பிடுங்கிக் கிடந்த செடி ஒன்றை எடுத்தான். பன்றி பாதி மென்று விட்ட காய்கள் அதில் தொங்கின. ஒரு காயை நசுக்கினான், உள்ளே பருப்பில்லை.

"துப்பாக்கிய எடுத்தாரச் சொல்லு," என்றான் காத்தவராயனிடம். செடியை அவன் முன்னால் போட்டான். "இங்க வந்தா கல்லு போட்டுக்கறோம்."

"சிங்காரம், யோசிச்சுப் பேசு. நாளைக்கு நீ இந்த ஊர்லதான் இருக்கணும்."

"லைசென்சு எம்பேர்ல இருக்கு. போய்ச் சொல்லு."

காத்தவராயன் போகவுமில்லை, நிற்கவுமில்லை. வரப்பில் இரண்டடி வைத்துத் திரும்பிப் பார்த்தான். பொன்னி முடிச்சை அவிழ்த்துக் கல் ஒன்றை எடுத்தாள். இடுப்பிலிருந்த அரிவாளை உருவி, அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பகல் வெயிலிலும் பொறி தெரிந்தது.