லைட் போடாத லாரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ராணுவ வண்டிகளைச் சின்னதாகச் செய்கிறேன். ஜீப், லாரி, டாங்கி எதுவானாலும் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் ஹெட்லைட் செய்ய இந்தக் குல்ஷனை விட்டால் ஆளில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மற்றவர்கள் ஒரு சொட்டு வெள்ளி பெயிண்ட்டை வைத்துவிட்டு அதை ஹெட்லைட் என்பார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும். நான் பிளாஸ்டிக் குச்சியின் நுனியைக் குழியாகக் குடைந்து உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏற்றுவேன். மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி ஒரு பாசிமணிமேல் அழுத்தினால் லென்ஸ் வளைவு கிடைக்கும். அதில் ஊசியால் மெல்லிய கோடுகள் கீற வேண்டும். அதைப் போய் சூப்பர் க்ளூவால் ஒட்டினீர்களோ, போச்சு, லென்ஸ் வெளுத்துப் பூத்துவிடும். வெள்ளைக் கோந்துதான் சரி.

அடுத்த தெரு செல்லம்மா அக்கா ஒரு நாள் பழைய போட்டோ ஒன்றோடு வந்தார். அதில் அவர் கணவர் பொன்னுசாமி அண்ணா, ராணுவ டிரைவராக இருந்தபோது, தன் லாரிப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"காணும் பொங்கலுக்கு எல்லாரும் வூட்டுக்கு வருவாங்க குல்ஷன். இந்த வண்டிய அப்படியே செஞ்சு குடேன். அந்த அப்பாதுரை வாய அடைக்கணும்."

அப்பாதுரை, பொன்னுசாமி அண்ணாவின் தம்பி. படப்பையில் டிப்பர் லாரிகள் வைத்திருக்கிறார். எல்லையில் ஒரு ராத்திரி அண்ணாவின் லாரி மலைப்பாதையிலிருந்து கவிழ்ந்து அவருக்கு வலது கால் போய்விட்டது. 'குடிச்சிட்டு லைட்டுகூட போடாம ஓட்டினவன்' என்று வருஷா வருஷம் சொந்தக்காரர்கள் நடுவே சொல்லிச் சிரிப்பாராம் அப்பாதுரை. அண்ணா வாயே திறக்க மாட்டாராம். அக்காவுக்குத்தான் வயிறு எரியும்.

"அவ்வளவுதானே, அடைச்சிடலாம்கா" என்றேன்.

லாரியை முடித்து, இரண்டு ஹெட்லைட்டுக்குள்ளும் குட்டி எல்இடி வைத்து, அவர்கள் வீட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். சுவிட்சைத் தட்டியதும் எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு ஜோடி செய்ததில்லை. பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

பொன்னுசாமி அண்ணா பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. "நீயும் லைட்டு போட்டுட்டியாம்மா" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பின்னாலேயே போனேன். "இன்னாண்ணா இது? கண்ணு அவிஞ்சுபோற அளவுக்கு வேலை செஞ்சிருக்கேன்!"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "கோச்சுக்காதம்மா. அன்னிக்கு நான் லைட்டே போடல. போடக் கூடாதுன்னு ஆர்டர். போட்டா எதிரி பாத்துகினே சுடுவான். முன்னாடி போற லாரிக்கு அடியில, பின் ஆக்சில் நடுவுல குண்டா ஒண்ணு கீதே, அதுக்கு வெள்ளையடிச்சிருப்பாங்க. அதும்மேல மட்டும் வெளிச்சம் வுழற மாதிரி ஒரு சின்ன பல்பு. அந்த வெள்ளையப் பாத்துகினே பின்னாடி போவணும். ரோட்டோரம் சரிஞ்சுது. வண்டி உருண்டுது. அவ்ளோதான்."

"இத உங்க தம்பிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். லைட்டு இல்லாம எவன் மலையில லாரி ஓட்டுவான், குடிகாரன் கதைன்னு சிரிச்சான். எல்லாரும் சேந்து சிரிச்சாங்க. அதோட வுட்டுட்டேன்."

அந்த வெள்ளைக் குண்டுக்கு எத்தனை லாரிகளில் பெயிண்ட் அடித்திருக்கிறேன்! எதற்கு அந்த வெள்ளை என்று ஒரு தடவையாவது கேட்டேனா? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அப்பாதுரைமேல் கோபம் அதிகமாக இருந்தது.

இன்னொரு லாரி செய்தேன். ஒரு பலகையில் மலைப்பாதை போட்டு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினேன். முன்னால் நிற்கும் லாரிக்கு அடியில், வெள்ளைக் குண்டின்மேல் மட்டும் வெளிச்சம் விழும்படி கடுகளவு எல்இடி. பிறகு பின்னால் நின்ற அண்ணாவின் லாரியில் ஹெட்லைட் வயர்களை நறுக்கென்று வெட்டினேன். நான் செய்ததிலேயே நல்ல ஜோடி, ஆனாலும் வெட்டினேன்.

காணும் பொங்கல் மதியம் வீடு நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்ததும் அப்பாதுரை மேஜைக்கு வந்தார்.

"இன்னாண்ணே, இந்த வயசுல பொம்மையா? இதுலயாவது லைட்டு எரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணா தலையைக் குனிந்துகொண்டார்.

"எரியும் சார்" என்றேன். "ஜன்னலையெல்லாம் சாத்துங்க."

சாத்திப் போர்வையும் தொங்கவிட்டதும் அறை இருண்டது. அப்பாதுரையை உட்காரவைத்து, பின் லாரிக்குள் டிரைவர் கண் இருக்கும் உயரத்துக்குக் குனியச் சொன்னேன். சுவிட்சைத் தட்டினேன்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணியும் தெரியல. முன்னாடி வண்டி அடியில வெள்ளையா ஏதோ கீது."

"ரோடு?"

"தெரியல."

"பள்ளம் எந்தப் பக்கம் சார்?"

அப்பாதுரை இன்னும் குனிந்து தேடினார்.

"அன்னிக்கு அண்ணாவுக்கும் இவ்வளவுதான் தெரிஞ்சுது. லைட்டு போடாதேன்னு சொன்னது ராணுவம், சாராயம் இல்ல. உங்ககிட்டதான் டிப்பர் கீதே, எங்க, ஒரு ராத்திரி இப்படி ஓட்டிக் காட்டுங்க பாப்போம்!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பாதுரை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. குரல் இறங்கி, "இப்டி எவ்ளோ தூரம்ணே ஓட்டுன?" என்றார்.

"விடியற வரைக்கும்."

"அந்த ஒரு ராத்திரியா?"

"வண்டி எடுத்துகினு போன எல்லா ராத்திரியும் இப்படித்தான்."

அப்பாதுரை எழுந்து, இருட்டில் தடவித் தடவி அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேண்ணே" என்றார். யாரோ ஜன்னலைத் திறக்கப் போனார்கள்.

"தொறக்காத!" பொன்னுசாமி அண்ணாவின் குரல் அப்படி ஓங்கி நான் கேட்டதே இல்லை. "சிரிச்சவங்க எல்லாரும் வரிசையா வந்து பாருங்க. அப்புறம் தொறக்கலாம்."

எல்லோரும் எழுந்தார்கள். சிரிக்காத செல்லம்மா அக்கா எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் முதலில் நின்றார்.